இரண்டு நிலா போதாது: 'எல்லாம் ஒரே யுனிவர்ஸ்' தியரியைச் சோதிப்பது எப்படி

வெள்ளை நிலா ஒன்று, நீல நிலா ஒன்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டு நான் ஒரு காலத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு தியரி கட்டினேன். கை கேவ்ரியல் கே எழுதிய 'தி லயன்ஸ் ஆஃப் அல்-ரசான்' (1995) நாவலின் வானத்தில் இரண்டு நிலா. அவரே ஐந்து வருடம் முன்பு எழுதிய 'டிகானா'விலும் (1990) இரண்டு நிலா, அதே வெள்ளை, அதே நீலம். அப்புறம் என்ன வேண்டும்? இரண்டும் ஒரே உலகம்தான், டிகானா நடக்கும் தீபகற்பம் அல்-ரசானிலிருந்து கடல் தாண்டி எங்கேயோ தெற்கே கிடக்கிறது என்று முடிவு கட்டி, வரைபடம் எல்லாம் போட்டு ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். அவன் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சரிடா, அந்த நிலாவைக் கும்பிடுறவங்க உன் டிகானாவுல எங்க இருக்காங்க?"

அல்-ரசானில் கிண்டாத் என்று ஒரு மக்கள் இரண்டு நிலாக்களையும் சகோதரிகளாக வணங்குகிறார்கள், ஜாடைட்டுகள் சூரியனை, அஷரைட்டுகள் நட்சத்திரங்களை. இந்த மூன்று மதங்களும் ஒன்றோடொன்று உரசுவதுதான் அந்த நாவலின் முதுகெலும்பு. டிகானாவில் இவர்கள் யாருடைய வாசனையும் கிடையாது. அங்கே ஒரு கடவுள், இரண்டு பெண் தெய்வங்கள், முற்றிலும் வேறு வழிபாடு. அதாவது ஒரு புத்தகத்தில் நிலாவை எடுத்துவிட்டால் ஒரு இனத்தின் மதமே காணாமல் போகும், இன்னொன்றில் எடுத்தால் வானம் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். என் மூன்று வாரமும் போயிற்று.

ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு 'இந்தத் தொடரும் அந்தத் தொடரும் ஒரே யுனிவர்ஸ்' என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கீழே சொல்லும் வழியில்தான் சோதித்துப் பார்க்கிறேன். ஸ்பாய்லர் நிறைய வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிராண்டன் சாண்டர்சன், ராபின் ஹாப், ஸ்டீபன் கிங்கின் டார்க் டவர் மூன்றிலும் பெரிய விஷயங்களை உடைக்கப் போகிறேன். ராபின் ஹாபைப் படிக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அவர் பெயர் வரும் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், அந்த அனுபவத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

முதலில், எதைச் சொல்ல வருகிறீர்கள்?

பாதிச் சண்டைகள் இங்கேயேதான் தொடங்குகின்றன. 'ஒரே யுனிவர்ஸ்' என்று ஒருவர் சொல்வது ஒரே பூமி, ஒரே வரைபடம், வடக்கே போனால் அந்தக் கதை, தெற்கே போனால் இந்தக் கதை என்ற பொருளில் இருக்கும். கேட்பவர் வேறு வேறு கிரகங்கள், ஆனால் ஒரே அண்டம், ஒரே மாய விதிகள் என்று புரிந்துகொள்வார். சாண்டர்சனின் பல நாவல்களைச் சேர்த்துச் சொல்லும் காஸ்மியர் இரண்டாவது வகை: 'எலான்ட்ரிஸ்' நடப்பது செல் என்ற கிரகத்தில், 'மிஸ்ட்பார்ன்' ஸ்காட்ரியலில், 'வார்பிரேக்கர்' நால்திஸில், 'தி வே ஆஃப் கிங்ஸ்' ரோஷரில். ஒரு கிரகத்து அரசியல் இன்னொன்றில் எதிரொலிக்காதது அங்கே முரண்பாடே இல்லை. ஒரே பூமி என்று சொல்லும் தியரிக்கோ அதே விஷயம் பெரிய ஓட்டை.

மூன்றாவதாகக் கதவு வைத்த யுனிவர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஜாக்கிரதை. சி.எஸ். லூயிஸின் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் (1955) ஒரு காடு வரும், அதில் எண்ணற்ற குட்டைகள், ஒவ்வொரு குட்டையில் குதித்தாலும் ஒரு உலகம். இதைப் பிடித்துக்கொண்டு 'அப்படியானால் டோல்கீனின் மிடில்-எர்த்தும் அதில் ஒரு குட்டைதான்' என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் அதே நியாயத்தில் உலகத்தில் எழுதப்பட்ட எல்லாக் கதைகளுமே ஒரு குட்டைதான், எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் தியரி எதையுமே விளக்குவதில்லை. கதவு வகையைச் சொல்வதானால் யார் அந்தக் கதவு வழியாக உண்மையில் நடந்து வந்தார்கள் என்று காட்டுங்கள்.

கேயிடமும் இந்தக் கதவு உண்டு என்பதுதான் என் தோல்வியில் சுவாரஸ்யமான பகுதி. அவருடைய முதல் தொடரான 'தி ஃபியோனவார் டேபஸ்ட்ரி'யில் (1984 - 1986) ஃபியோனவார்தான் எல்லா உலகங்களுக்கும் மூலம், மற்றவை அதன் நிழல்கள். டிகானாவில் ஓர் இடத்தில் ஃபினவிர் என்று, காதில் விழுந்து தேய்ந்துபோன ஒரு பெயர் போகிற போக்கில் வந்துவிட்டுப் போகும். ஆக நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே உலகம் என்று இல்லை, ஒரே தறியில் நெய்த இரண்டு வேறு சேலைகளாக இருக்கலாம் என்று. இது சின்னக் கோரிக்கை, அதனால் தாங்கும். அல்-ரசானோடு உண்மையில் ஒரே உலகத்தில் இருப்பவை 'தி சரான்டைன் மொசைக்' (1998, 2000), 'தி லாஸ்ட் லைட் ஆஃப் தி சன்' (2004), 'சில்ட்ரன் ஆஃப் எர்த் அண்ட் ஸ்கை' (2016). அவற்றில் அதே மதங்கள், அதே நகரங்கள். ஒரு தொடரில் உச்சத்தில் இருக்கும் சரான்டியம் நகரம் 2016 நாவலில் விழுந்து, பெயரே மாறி, வேறு மதத்துக்காரர்கள் கையில் இருக்கிறது. நிலா ஒத்துப்போகிறதா என்று அங்கே யாரும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

நாலாவது வகை வெறும் கண்சிமிட்டல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நோட்டு போடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்

தியரி தோன்றியதும் இரண்டாவது முறை படியுங்கள், இந்த முறை கையில் நோட்டோடு. வரியை அப்படியே எழுதுங்கள், 'எங்கேயோ வந்ததே' என்பதற்கு மதிப்பில்லை. எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது சும்மா சொல்லவில்லை. ஸ்டீபன் கிங் 'தி கன்ஸ்லிங்கர்' நாவலை 1982-ல் வெளியிட்டார், 2003-ல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார், பின்னால் வந்த டார்க் டவர் புத்தகங்களோடு பொருந்துவதற்காக. திருத்திய பதிப்பில் ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டு 'பாருங்கள், 1982-லேயே திட்டம் போட்டுவிட்டார்' என்று குதித்தால் பழைய பதிப்பு வைத்திருக்கிற ஒருவர் வந்து உங்கள் மானத்தை வாங்குவார்.

நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரிப்பது என் வழக்கம். இடப்பக்கம் ஒத்துப்போகும் விஷயங்கள், வலப்பக்கம் ஒத்துப்போகாதவை. வலப்பக்கம் காலியாக இருந்தால் தியரி பலமானது என்று பொருள் இல்லை, நீங்கள் இன்னும் தேடவில்லை என்று பொருள்.

இனிதான் முக்கியமான வேலை: இது யார் செலவு?

இடப்பக்கத்தில் நாற்பது ஒற்றுமைகள் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எண்ணாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஒற்றுமையை வைக்க எழுத்தாளர் என்ன விலை கொடுத்தார்?

ஒரு பெயரைத் திரும்பப் பயன்படுத்த காசு ஆகாது. டிராகன், தீர்க்கதரிசனம், மறைந்து வளரும் இளவரசன் எல்லாம் ஃபேன்டசிக் கடையில் சும்மா கிடைப்பவை, ஒரே எழுத்தாளரின் இரண்டு தொடரிலும் வயதான குரு செத்துப்போகிறார் என்றால் அது அவருடைய பழக்கமே தவிர யுனிவர்ஸ் இல்லை. ஆனால் ஒரு தொடரின் பாத்திரம் தன் நினைவுகளோடு இன்னொரு தொடருக்குள் வந்து அங்கே கதையைத் திருப்பினால், எழுத்தாளர் பெரிய விலை கொடுத்திருக்கிறார். முதல் தொடரைப் படிக்காத வாசகன் விழிப்பான் என்று தெரிந்தே செய்திருக்கிறார், இனி எழுதும் புத்தகங்களுக்கெல்லாம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார்.

நமக்கு இது பழகிய விஷயம்தான். ராமாயணத்து அனுமன் மகாபாரதத்தில் பீமன் போகும் வழியில் கிழட்டுக் குரங்காகப் படுத்திருப்பான், வாலைத் தூக்க முடியாமல் பீமன் திணறுவான். அந்தச் சந்திப்பு சும்மா முகம் காட்டிவிட்டுப் போவதற்கு இல்லை, பீமனின் கர்வம் அங்கே அடங்குகிறது, அனுமன் அர்ஜுனன் கொடியில் வந்து உட்காருகிறான். அந்தக் காட்சியை வெட்டினால் குருட்சேத்திரத்தில் கொடி மொட்டையாக நிற்கும்.

இதை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் ராபின் ஹாப். (தாண்ட வேண்டியவர்கள் இங்கே தாண்டுங்கள்.) 1995-ல் தொடங்கிய ஃபார்சீர் முத்தொடரில் பக்கீப் அரண்மனையில் ஃபூல் என்ற விதூஷகன், வெளுத்த தோல், யாருக்கும் புரியாத பேச்சு. 1998-ல் தொடங்கிய லைவ்ஷிப் டிரேடர்ஸ் தொடரில் வேறு ஊர், வேறு மனிதர்கள், பிங்டவுன் என்ற வணிக நகரம், அங்கே ஆம்பர் என்று ஒரு பெண், மணிகள் செதுக்கி விற்கிறாள். இரண்டும் ஒரே பூமி என்பதில் பெரிய ரகசியம் இல்லை, சால்செட் என்ற நாடு இரண்டு தொடரிலும் அடாவடி செய்துகொண்டிருக்கிறது. ரகசியம் ஆம்பர்தான். மரச்சிற்பத் திறமை, பேசும் விதம், தன் கடந்த காலத்தை மூடி வைப்பது என்று குறிப்புகள் சொட்டுச் சொட்டாக விழும், ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் 'தற்செயல்' என்று தள்ளிவிடலாம். 2000-ல் வந்த மூன்றாம் பாகத்தில் சிதைந்துபோன பாரகன் என்ற கப்பலின் முகப்புச் சிற்பத்துக்கு ஆம்பர் புது முகம் செதுக்குகிறாள். அந்த முகம் ஃபார்சீர் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த முகம், கதாநாயகன் ஃபிட்ஸின் முகம்.

சரி, இங்கேயே நிறுத்தியிருந்தால் அதை அழகான கண்சிமிட்டல் என்று விட்டிருக்கலாம். ஹாப் நிறுத்தவில்லை. 2002-ல் வந்த 'கோல்டன் ஃபூல்' நாவலில் பிங்டவுனிலிருந்து ஜெக் என்ற பெண் பக்கீபுக்கு வருகிறாள், ஆம்பரைத் தேடி. ஃபிட்ஸைப் பார்த்ததும் கப்பலில் பார்த்த முகம் நேரில் நிற்கிறதே என்று அதிர்ந்து, தனக்குத் தோன்றியதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். அதனால் ஃபிட்ஸுக்கும் ஃபூலுக்கும் இடையில் வருகிற பிளவு இருக்கிறதே, அது அந்தத் தொடரின் மிக வலிக்கிற பகுதிகளில் ஒன்று. இரண்டு தொடர்களுக்கு நடுவே இருந்த இணைப்பு இரண்டு நண்பர்களைப் பிரிக்கிறது. இதைவிட அதிக விலை எந்த எழுத்தாளர் கொடுப்பார்? ஆகவே உங்கள் தியரியின் ஒவ்வொரு ஆதாரத்தையும் பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கினால் ஏதாவது ஒரு கதை நொண்டுகிறதா? நொண்டினால் அந்த ஒரே ஆதாரம் மற்ற முப்பத்தொன்பதைவிட எடை கூடியது.

கிங்கிடமும் இப்படி ஒன்று உண்டு. 'சேலம்ஸ் லாட்'டில் (1975) தோற்றுப்போய் ஊரைவிட்டு ஓடும் பாதிரியார் கலஹன், 28 வருடம் கழித்து டார்க் டவர் தொடரின் 'வோல்வ்ஸ் ஆஃப் தி கல்லா'வில் (2003) வேறொரு உலகத்தில் உட்கார்ந்துகொண்டு தன் கதையைச் சொல்கிறார், கடைசியில் 'சேலம்ஸ் லாட்' என்ற நாவலே அங்கே கையில் கிடைக்கிறது. விலை கொடுத்தாயிற்று என்பதற்கு ரசீதே வைத்துவிட்டார் மனிதர்.

இந்த முறை சறுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. சாண்டர்சனின் ஹாய்ட். எலான்ட்ரிஸில் (2005) பிச்சைக்காரன், முதல் மிஸ்ட்பார்னில் (2006) தகவல் விற்பவன், வார்பிரேக்கரில் (2009) கதைசொல்லி, தி வே ஆஃப் கிங்ஸில் (2010) அரசவை விகடன். நாரதர் மாதிரி எல்லா உலகத்திலும் சரியான நேரத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவான். முதல் மூன்று புத்தகங்களிலும் அவனைப் பிடுங்கினால் எதுவுமே நொண்டாது. என் முறைப்படி அவன் ஃபெயில், ஆனால் காஸ்மியரின் நடுத்தூணே அவன்தான். எனவே ஒரு சின்னத் திருத்தம்: ஒரு முறை வந்தால் கண்சிமிட்டல், அதே பெயர் அதே வேலையைச் செய்துகொண்டு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கிரகங்களில் மூன்று நான்கு முறை வந்தால் எழுத்தாளர் தவணை முறையில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். முழுத்தொகை 2014-ல் வந்தது. 'வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்' கடைசியில் ஒரு கறுப்பு வாள் உற்சாகமாகப் பேசத் தொடங்குகிறது பாருங்கள், அது வார்பிரேக்கரின் நைட்பிளட். அதே புத்தகத்தில் வாள்பயிற்சி கொடுக்கும் ஸாஹெல் என்ற கிழவன் பேச்சுக்குப் பேச்சு வண்ணங்களை இழுக்கிறான். வார்பிரேக்கரில் மாயமே வண்ணத்தில்தான் இருக்கிறது.

கதைக்குள் போவதற்கு முன் வெளியே பாருங்கள்

ஒரு ஒற்றுமைக்குக் கதைக்கு வெளியிலேயே காரணம் இருந்தால் உள்ளே காரணம் தேடத் தேவையில்லை. பிக்ஸார் படங்களில் ஏ113 என்ற எண் திரும்பத் திரும்ப வரும், எல்லாப் படங்களும் ஒரே யுனிவர்ஸ் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் அந்தக் கலைஞர்களில் பலர் படித்த வகுப்பறையின் எண். பழைய மாணவர்களின் குசும்பு, அவ்வளவுதான்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் வெஸ்டெராஸில் ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை நடக்கும் கண்டம்) 'டோர்' என்ற இடத்தை ஆளும் ஜோர்டெய்ன் குடும்பம் ஒன்று உண்டு, அதில் டிரெபர் என்று ஒரு பிரபு. டிரெபரைத் திருப்பிப் படித்தால் ராபர்ட். ராபர்ட் ஜோர்டன் 'வீல் ஆஃப் டைம்' எழுதியவர், அதை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் டோர். இரண்டு தொடரும் ஒரே உலகம் என்று இதை வைத்து யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள், ஓர் எழுத்தாளர் இன்னொருவருக்கு வைத்த வணக்கம் அது.

இதைவிடக் கொஞ்சம் கடினமானது பக்கலோன். மார்ட்டின் 1975-ல் எழுதிய ஓர் அறிவியல் புனைகதையில் போர்வெறி பிடித்த ஒரு மதக்கூட்டம் பக்கலோன் என்ற வெளிறிய குழந்தைக் கடவுளைக் கும்பிடும். 30 வருடம் கழித்து, 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' நாவலில் (2005) ஆர்யா போய்ச் சேரும் கோயிலில் பல கடவுள்களின் சிலைகளுக்கு நடுவே அதே பக்கலோன், அதே வெளிறிய குழந்தை. பெயர் மட்டும் இல்லாமல் உருவமும் ஒத்துப்போகிறது, அதனால் வெஸ்டெராஸ் என்பது மார்ட்டினின் பழைய விண்வெளிக் கதைகளில் மறந்துபோன ஒரு கிரகம் என்று தியரி. கேட்க நன்றாக இருக்கிறது, வருடக்கணக்கில் நீளும் குளிர்காலத்துக்கும் ஏதாவது வானியல் விளக்கம் கிடைத்துவிடும். ஆனால் செலவுக் கணக்கு போட்டால் சிலை ஒரே ஒரு வாக்கியம், பிடுங்கினால் யாருக்கும் தெரியாது. அதோடு அந்தப் பருவகாலங்களுக்கு விளக்கம் மாயம்தான், அறிவியல் இல்லை என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். தன் பழைய பெட்டியிலிருந்து பிடித்த பொம்மையை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறார் என்பதுதான் என் தீர்ப்பு.

ஜோக்காகத் தெரிவது ஜோக்காக மட்டும் இல்லாத இடமும் உண்டு. வீல் ஆஃப் டைமின் முதல் புத்தகத்திலேயே (1990) தாம் என்ற பாணன் வரும் இடத்தில் பழங்கதைகள் அடுக்கடுக்காக வரும்: உலகையே சுற்றி எட்டும் நெருப்பு ஈட்டி வைத்திருந்த மாஸ்க் என்ற அரக்கன், நெருப்புக் கழுகின் வயிற்றில் நிலாவுக்குப் பறந்த லென். மாஸ்கோ, ஏவுகணை, விண்கலம் என்று நாம் பிடித்துக்கொள்ளலாம். நாலாம் புத்தகத்தில் (1992) ஒரு அருங்காட்சியகத்தில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், பத்துத் தப்படி தூரத்திலிருந்தே அதிலிருந்து கர்வமும் பகட்டும் வீசுகிறதாம். கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். இவையும் சின்ன வரிகள்தான், ஆனால் காலம் சக்கரமாகச் சுழலும், நடந்தது பழங்கதையாகும், பழங்கதை புராணமாகும், கடைசியில் அதுவும் மறந்துபோகும் என்பதுதான் அந்தத் தொடரின் முதல் பத்தியே. அந்த விதியோடு இவை பொருந்துவதால் அது நம் பூமிதான் என்று நான் நம்புகிறேன். சின்ன ஆதாரமாக இருந்தாலும் கதையின் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்கு எடை உண்டு.

உடைத்துப் பாருங்கள், தேதி பாருங்கள்

வலப்பக்கத்தை நிரப்பும் நேரம் இது. செத்தவர்கள் எங்கே போகிறார்கள், மாயத்துக்கு என்ன கூலி, கடவுள் உண்டா, வருடத்துக்கு எத்தனை நாள் என்பவற்றை இரண்டு தொடரிலும் எழுதி ஒப்பிடுங்கள். ஒரே பூமி தியரி என்றால் மரணத்துக்குப் பின் நடப்பது மாறவே கூடாது. சாண்டர்சன் விஷயத்தில் இன்னும் சுலபம், அவரே ஒரு கோடு போட்டிருக்கிறார்: நம் பூமி வந்தால் அது காஸ்மியர் இல்லை. அதனால் 'ஸ்டீல்ஹார்ட்' (2013) சிகாகோவில் நடக்கும்போதே ஆட்டம் முடிந்தது, 'தி ரித்மாட்டிஸ்ட்'டும் (2013) மாற்றி வரைந்த அமெரிக்காவில் நடப்பதால் வெளியே. அதில் வரும் சாக்பீஸ் மாயத்துக்கும் காஸ்மியர் மாயத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை காட்டினாலும் எடுபடாது.

தேதிப் பட்டியல் போடாமல் எந்தத் தியரியையும் வெளியே விடாதீர்கள். டெரி புரூக்ஸ் 1977-ல் 'தி சோர்ட் ஆஃப் ஷன்னாரா' எழுதினார், 1997-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் வேறொரு தொடரைத் தொடங்கினார், 2006-ல் 'ஆர்மகெடன்ஸ் சில்ட்ரன்' வந்து இரண்டையும் தைத்துவிட்டது. இப்போது இரண்டும் ஒரே யுனிவர்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் 1977 புத்தகத்தில் 1997 தொடரின் பாத்திரங்களுக்குக் குறிப்பு இருக்கிறது என்று சொன்னால் அது வேறு கோரிக்கை, அதற்குத் தனி ஆதாரம் வேண்டும். பின்னால் சேர்த்த ஒட்டு ஒட்டுதான், கேவலமில்லை, ஆனால் முன்பே போட்ட திட்டமாகக் காட்டாதீர்கள்.

ஒரு எதிர் எச்சரிக்கையும் உண்டு: பிரசுரமான வரிசையும் எழுதிய வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வார்பிரேக்கர் 2009, வே ஆஃப் கிங்ஸ் 2010 என்பதால் வார்பிரேக்கரின் வாஷர் (மேலே சொன்ன ஸாஹெல் அவன்தான்) பிற்பாடு ரோஷருக்கு இழுத்துவரப்பட்டான் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வே ஆஃப் கிங்ஸின் முதல் வடிவத்தைச் சாண்டர்சன் 2000-களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார், வாஷர் முதலில் அதில்தான் இருந்தான். அவனுடைய பழைய கதையைச் சொல்லத்தான் வார்பிரேக்கர் வந்தது.

எழுத்தாளர் வாயைத் திறந்தால்

இரண்டு வேறு எழுத்தாளர்களின் தொடர்களை இணைக்கப் பார்க்கிறீர்கள் என்றால் ஆரம்பத்திலேயே தொண்ணூறு சதவீதம் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். உரிமை, பதிப்பகம், வாரிசு என்று எவ்வளவோ இருக்கிறது. ஜோர்டன் இறந்தபின் வீல் ஆஃப் டைமை எழுதி முடித்தவர் சாண்டர்சன்தான், அப்படியிருந்தும் அது காஸ்மியரில் இல்லை.

லூயிஸ், டோல்கீன் விவகாரம் மட்டும் கொஞ்சம் வேறு. லூயிஸ் 1945-ல் வெளியிட்ட 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்க்த்' நாவலில் நியூமினார் என்று ஓர் இடம் வருகிறது. அது டோல்கீனின் நியூமெனோர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சுக்கு வந்தது 1954-ல்தான், லூயிஸ் அதைக் கையெழுத்துப் படியிலிருந்து நண்பர் படித்துக் காட்டக் கேட்டவர், காதில் விழுந்தபடி எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டார். முன்னுரையிலேயே, நியூமினாரைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் டோல்கீனின் புத்தகம் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்லவும் செய்கிறார். இதைவிடத் தெளிவான வெளிப்படை இணைப்பு இரண்டு எழுத்தாளர்களுக்கு இடையே கிடைப்பது அபூர்வம். ஆனாலும் டோல்கீன் பக்கத்திலிருந்து பதில் இணைப்பு எதுவும் வரவில்லை, விலை கொடுத்தது ஒருவர் மட்டுமே. ஒரு கை ஓசையை 'ஒரே யுனிவர்ஸ்' என்று நான் எழுத மாட்டேன், 'லூயிஸ் கடன் வாங்கினார்' என்று எழுதுவேன்.

எழுத்தாளர் உயிரோடு இருந்து பதிலும் சொல்பவராக இருந்தால் கேட்கும் விதம் முக்கியம். 'எல்லாம் கனெக்டடா சார்?' என்று கேட்டால் சாண்டர்சனிடமிருந்து 'ரேஃபோ' என்ற பதில்தான் கிடைக்கும், படித்துத் தெரிந்துகொள் என்று அர்த்தம், ஜோர்டன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். 'அந்தக் காட்சியில் இருந்தவனுக்கு இந்த ஊர் மொழி தெரியுமா?' என்பது மாதிரி, ஆம் இல்லை என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஏதோ தெரியவருகிற கேள்வியாகக் கேளுங்கள். கிடைத்த பதிலைப் புத்தகத்துக்கு ஒரு படி கீழேயே வையுங்கள். பேட்டியில் சொன்னதை எழுத்தாளர் மாற்றிக்கொள்ளலாம், அச்சில் வந்ததை மாற்ற அவருக்கும் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும்.

குறிப்பு கொடுத்துவிட்டு ஒழுங்காகக் கடனை அடைப்பவர்களில் ரிக் ரியார்டனைச் சொல்ல வேண்டும், பிள்ளைகளோடு சேர்ந்து தியரி பழக அவர்தான் சரியான ஆள். எகிப்தியக் கடவுள்கள் வரும் 'தி ரெட் பிரமிட்'டில் (2010) ஏன் புரூக்ளினிலேயே இருக்கிறோம் என்பதற்கு ஆமோஸ் என்ற பாத்திரம் சொல்லும் காரணம், மன்ஹாட்டனில் வேறு பிரச்சினைகள், வேறு கடவுள்கள் என்பது. ரியார்டனின் கிரேக்கக் கடவுள் தொடரான பெர்சி ஜாக்சன் படித்த எந்தச் சிறுவனும் அங்கே துள்ளியிருப்பான், அதில் ஒலிம்பஸ் இருப்பதே எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு மேலேதான். 2013-ல் பெர்சியும் எகிப்தியத் தொடரின் நாயகன் கார்ட்டர் கேனும் ஒரு சிறுகதையில் நேருக்கு நேர் சந்தித்தார்கள், 2015-ல் வந்த இன்னொரு தொடரின் நாயகன் மேக்னஸ் சேஸ் பெர்சியின் தோழி அனபெத்தின் உறவுக்காரனாகவே வந்து நின்றான்.

எழுதும்போது

முதல் வரியிலேயே கோரிக்கையைச் சொல்லிவிடுங்கள், எந்த வகை என்பதோடு. லோகேஷ் கனகராஜின் எல்.சி.யூ. படங்களின் ட்ரெய்லர்களை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்துப் பழகிய நமக்கு ஆதாரத்தைச் சஸ்பென்ஸாக நீட்டுகிற வியாதி இருக்கிறது, விட்டுவிடுங்கள். அதிக விலையுள்ள ஆதாரம் முதலில், அதற்குப் பின் ஒன்றோ இரண்டோ, பெயர் ஒற்றுமை எல்லாம் கடைசியில் ஒரே பத்தியில். வலப்பக்கத்தில் இருப்பதை மறைக்காமல் நீங்களே போடுங்கள், வேறொருவர் கண்டுபிடித்துப் போட்டால் நன்றாக இருக்காது. அடுத்த புத்தகத்தில் என்ன வந்தால் உங்கள் தியரி செத்துவிடும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அப்படி ஒரு வரி எழுதவே முடியவில்லையென்றால் உங்களிடம் இருப்பது குட்டைக்காட்டுத் தியரி. தலைப்பில் ஸ்பாய்லர் வேண்டாம், எந்தெந்தப் புத்தகம் வரை படித்திருக்க வேண்டும் என்பது மட்டும் போதும்.

வெளியிடுவதற்கு முன், இரண்டு தொடர்களில் ஒன்றை மட்டும் படித்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் படித்த ரசிகன் உங்களோடு சேர்ந்து துள்ளத்தான் செய்வான், அவனுக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒன்றை மட்டும் படித்தவனுக்கு அந்த ஒன்று நன்றாகத் தெரியும், அதிலிருந்து நீங்கள் எதைப் பிடுங்கிக்கொண்டு போகிறீர்கள் என்பதும் உடனே தெரிந்துவிடும். என் நண்பன் அல்-ரசானை நாலு முறை படித்தவன், டிகானாவைத் தொட்டதுகூட இல்லை. இன்றுவரை நான் அதை அவனுக்குச் சிபாரிசு செய்யவில்லை. ஃபினவிர் பற்றி இப்போது பதினோரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அவன் அப்படியே இருந்தால்தான் எனக்கு வசதி.